வட்டம் ஐந்து, புள்ளி சுழியம்

தும்யாத் நகரில் எங்கள் மருத்துவமனையின் கணினி அறைக்குக் கண்ணும் காவலுமாய் நின்றவரே! சொல்லில் சிக்கனமும் செயலில் செம்மையும் கொண்டவரே! பெருமைக்குரிய பொறியாளர் இன்ஷிராஹ் அவர்களே! உங்கள்மீது சாந்தி நிலவட்டும்!

பணி ஓய்வு விழாவில் மடல் என்றால் மனம் குளிரப் படிப்பது மரபு. எங்கள் மனமோ கொதிக்கிறது. துணை இயக்குநர் டாக்டர் ஹாதிம் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் காதில் விழட்டும் என்றே உரக்கப் படிக்கிறோம்.

ஆறு வட்டுகளைக் கைகோக்க வைத்து, ஒன்று சாய்ந்தாலும் மற்றவை அதன் சுமையைத் தாங்கும்படி நீங்கள் அமைத்த ‘ரெய்டு’ என்னும் வட்டுத் தொகுப்பில்தான் நம் நோயாளிகள் அத்தனை பேரின் குறிப்புகளும் குடியிருக்கின்றன. கட்டுப்பாட்டு அட்டை சுழியத்திலிருந்து எண்ணும் என்பதால், திரையில் தெரிவதுபோலவே 0 முதல் 5 வரை ஆங்கில எண்களை வட்டுகளில் ஒட்டியிருந்தீர்கள். எல்லாச் சீட்டும் அரபு எண்ணில்தான் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவர் யார்? டாக்டர் ஹாதிம். குழப்பம் வரும் என்று நீங்கள் தலைதலையாய் அடித்துக்கொண்டதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் யார்? அவரேதான்!

அரபியில் புள்ளி சுழியம்; வட்டம் ஐந்து. பால்குடி மறந்ததும் நாம் படித்த பாடம் இது. ஆயினும், 0 எண் வட்டு பழுது என்று திரை சொன்ன அன்று, நீங்கள் வருவதற்குள் அவசரப்பட்டு, திரையின் 0 போலவே வட்டம் ஒட்டியிருந்த, ஐந்தாம் எண்ணுள்ள நல்ல வட்டைப் பிடித்து உருவினார் அவர். ஒன்று விழுந்தால் தாங்கும் அமைப்பு இரண்டு போனால் தாங்குமா? யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று தெரியாமல் டயாலிசிஸ் பிரிவே கையைப் பிசைந்து நின்றது. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிவிடலாம் என்று அவர் விரல் நீண்டபோது, விசைப்பலகையின்மேல் உங்கள் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"கைய எடுங்க டாக்டர். அத அமுக்கினா எல்லாம் அழிஞ்சுபோயிடும்."

உருவிய வட்டைத் திரும்பச் செருகி, பழைய அமைப்பையே அட்டை ஏற்கும்படி செய்து, பழுதானதற்குப் பதில் புதியதைப் பொருத்தி, ஒரு வரிகூடச் சிந்தாமல் மீட்டீர்கள்.

கிடைத்த பரிசு என்ன? அவர் ஆணைப்படி அரபுச் சீட்டு ஒட்டிய கை உங்களுடையது என்பதால் கண்டனம் உங்களுக்கு! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணெதிரே கண்டோம். இன்றுவரை எங்களுக்கு ஆறவில்லை.

நேற்று டாக்டர் ஹாதிம் எங்களை அழைத்தார். வட்டக் கதையை மடலிலிருந்து நீக்கினால் கண்டனத்தையும் நீக்கிவிடுவதாகச் சொன்னார். களங்கமில்லாத பெயரோடு நீங்கள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நாங்களும் தடுமாறி, உங்களிடமே கேட்டோம். விழாவுக்கு வாங்கிவைத்த முஷப்பக் இனிப்பை ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டபடி சொன்னீர்கள்:

"அது என் ஃபைல்லயே கெடந்துட்டுப் போகட்டும்ப்பா. கதைய மறைச்சா, அடுத்த தடவயும் எவனாவது வட்டத்தத்தான் உருவுவான்."

ஆகவே, படித்துவிட்டோம். இம்மடல் சட்டமிட்டு உங்கள் வீட்டுக்கு ஒன்று வரும். இன்னொன்று வட்டுப் பெட்டிக்கு நேரெதிரே சுவரில் தொங்கும். நைல் கடலோடு கலக்கும் நம்மூரில், நோய் அண்டாமல், நெஞ்சு நோகாமல், நெடுங்காலம் நீங்கள் வாழ்க!

இங்ஙனம்,
ஐந்தை ஐந்தென்றே படிக்கும்
உங்கள் கணினி அறைத் தோழர்கள்