பின்வாசல் லிஸ்டு

இல்ல வாட்ச்மேன் தம்பி, வேலைக்காரங்க போற பின்வாசலுக்குப் போக மாட்டேன். வண்டிய நல்லாப் பாரு, இன்னிக்குப் புல்லு வெட்டுற மெஷின் இருக்கா? கோட்டு போட்டிருக்கேன்யா. புல்லு வெட்ட எவனாச்சும் கோட்டு போட்டுட்டு வருவானா? இந்தப் பொட்டலமா, தமால். சோளமாவுக்குள்ள கோழி வெச்சு வாழையிலையில கட்டினது. உங்கப்பன் எந்த ஊரு? சான் மிகேலா! அடப்பாவி, நம்மூரு ஆளு. அப்பவும் விருந்தாளி லிஸ்டப் பாக்கணுங்குற.

சரி, பாரு. எம்பேரு எலிசியோ. இல்லையா? கீழ பாரு, பொறுமையாப் பாரு.

இந்த லாஸ் ஏஞ்சலஸ்ல முப்பத்திரண்டு வருஷமா புல்லு வெட்டுறேன். வெட்டினதக் குமிச்சு வெச்சிருந்தா நம்மூரு எரிமலை வாய அடைச்சிருக்கலாம். ஒருதடவ மெஷின் என்னை இழுத்துக்கிட்டு மூணு தெரு ஓடிருச்சு. ஓடின வழியெல்லாம் புல்லு சுத்தம், மூணு தெருக்காரனும் கூலி குடுத்தான். சிரிக்காத, சத்தியம்.

எல்லாம் எதுக்கு? எம்மவன் வில்பர் வெட்டக் கூடாதுன்னுதான். பத்து வயசுல ஆசையா மெஷினத் தொட்டான். கையிலயே போட்டேன், போய்ப் படிடான்னு. படிச்சான். உள்ள ஏழாம் நம்பர் வீடு அவனோடதுதான். நான் வருஷம் பூரா வெட்டினா வர்றது, அவனுக்கு ஒரு மாசச் சம்பளம். இன்னிக்குப் பேத்திக்கு மொதப் பொறந்த நாள்.

போன் போட்டேன்யா, எடுக்கல. பாட்டுச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது, அவனுக்கு எப்படிக் கேக்கும்? தமால் ஆறிப்போச்சு. இன்னும் இல்லையா? குடும்பம்னு ஒரு கட்டம் இருக்குமே. யாரு பேரு இருக்கு? ஓ, மருமகளோட அப்பா அம்மா. வேற? ம்.

இன்னொரு லிஸ்டு வெச்சிருப்பியே, பின்வாசலுக்கு. அதுல ஏழாம் நம்பரப் பாரு. இருக்கா? என்னன்னு போட்டிருக்கான்? சத்தமாப் படி, காது மந்தம்.

எலிசியோ, தோட்டக்காரன். அனுமதி வருஷம் முழுக்கச் செல்லும்னா போட்டிருக்கான்?

பாத்தியா, புத்திசாலிப் பய! விருந்தாளின்னு போட்டா ஒரு நாள்தான செல்லும்? இப்ப நான் எப்ப வேணா வரலாம். படிப்புன்னா சும்மாவா?

இந்தா, ஒரு தமால் எடுத்துக்க. உங்கப்பனுக்கும் ஒண்ணு. பின்வாசலுக்கு வழியெல்லாம் சொல்ல வேணாம், தெரியும். இந்தக் கோட்டக் கொஞ்சம் பிடி, கழட்டிக்கிறேன். தோட்டக்காரன் கோட்டோட போனா சந்தேகப்படுவாங்க.