அறையில் பதினோரு பேர்

ரவூப் பாய், ஜமாத் தலைவர் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட ஒரு சுவர் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் 2001-இல் அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டரே திறந்தேன் என்று என் மனைவி சொல்வாள்.

ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பலகைத் தடுப்பு, ஆளுக்கொரு திரைச்சீலை. அன்றைய சாட் அறையை இன்று செல்போனைத் தடவிக்கொண்டு திரிகிறவர்களுக்கு விளக்க முடியாது. உள்ளே நுழைந்ததும் வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று மூன்று கேள்வி கேட்பார்கள். மூன்றுக்கும் மரியாதையாகப் பொய் சொல்வோம். எல்லாருக்கும் வயது இருபத்திரண்டு. சிமெண்ட் கடை ராம்குமார், அந்தப் பெரிய மீசையோடு, 'ஸ்வீட் ரம்யா'வாக இருந்தார். அவரை மூன்று பேர் உருகி உருகிக் காதலித்தார்கள். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் ஓடிபி கேட்கிறார்கள்.

எங்கள் அறையின் பெயர் 'அருப்புக்கோட்டை நண்பர்கள்'. என்னையும் சேர்த்து நிரந்தரமாகப் பதினோரு பேர். எல்லாருக்கும் ஐடி திறந்து கொடுத்தவன் நான்தான். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள் என்பதால் ஒரு குயர் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். பந்தல்குடியில் டயர் கடை வைத்திருக்கும் முத்துராஜின் பாஸ்வேர்டு அவன் பைக் நம்பர்.

சகாபுதீனுக்கும் நான்தான் திறந்து கொடுத்தேன். 2003-இல் அவன் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனான். அவன் அம்மா நூர் பீவி வெள்ளிக்கிழமைதோறும் பந்தல்குடியிலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வருவார்கள். ஹெட்போனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, தம்மாமுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். நல்ல மனுஷி.

பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். முத்துராஜுக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் அறையில் இருந்த ரிஸ்வானா இளையான்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மற்றவர்களை ஆர்குட் கொண்டுபோனது, மிச்சத்தை ஃபேஸ்புக் அள்ளிக்கொண்டது. போகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது. ஒருநாள் சகாபுதீன், "முத்துராஜ் எங்கப்பா, ஆளையே காணோம்" என்று கேட்டான். நோட்டைப் புரட்டி, முத்துராஜின் ஐடியில் நுழைந்து, "இங்கதாம்லே இருக்கேன்" என்று அடித்தேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் செய்தது அவ்வளவுதான்.

காலியாகும் நாற்காலிகளில் அப்படியே உட்கார்ந்துகொண்டு வந்தேன். 2010 வாக்கில் அறையில் சகாபுதீனும் நானும்தான். ஆனாலும் பதினோரு பேர் இருந்தோம். கம்பெனிக்காரன் சாட் அறைகளை மூடியபோது, மதுரையில் சாஃப்ட்வேர் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அதே கறுப்புத் திரை, அதே பச்சை எழுத்தோடு சொந்தமாக ஓர் அறை கட்டிக்கொண்டேன். கடை ஜெராக்ஸ் கடையாக மாறியது. அறை மாறவில்லை. நான் பத்துப் பேராக அடிப்பேன், சண்டைகூடப் போடுவேன். ராம்குமாரும் முத்துராஜும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. சகாபுதீன்தான் சமாதானம் செய்துவைத்தான். அவனும் தனியாள், அங்கே அவனுக்கு வேறு யார் இருந்தார்கள்? ஊருக்கு ஒரு நல்லது செய்த திருப்தி எனக்கு இருந்தது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் சகாபுதீன் அறையில் எழுதினான். தங்கச்சி நர்கிஸ் போன் செய்தாளாம்: "அண்ணே, அம்மாவுக்கு முடியல. எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு வந்துருண்ணே." நம்புவதா என்று அவனுக்குக் குழப்பம். முன்பு ஒருமுறை நர்கிஸ் இதையே சொல்லிக் கூப்பிட்டு, வந்து இறங்கினால் அம்மா கோழி அடித்துக்கொண்டிருந்தார்கள்; விஷயம் வீட்டுப் பாகப்பிரிவினை. அதனால் எங்களைக் கேட்டான். குடும்பம் எதையாவது மறைக்கும், நண்பர்கள் உள்ளதைச் சொல்வார்கள் என்பது அவன் எண்ணம். வளைகுடாவில் இருப்பவர்கள் நிறையப் பேர் அப்படித்தான்.

விசாரிக்காமல் சொல்லக் கூடாதல்லவா. பஸ் ஏறிப் பந்தல்குடி போனேன். நூர் பீவி கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார்கள். நர்கிஸ் எனக்குக் காப்பி கொடுத்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல போட்டு விட்டாத்தான் அவன் நம்புவான். மூஞ்சியப் பாத்துட்டாப் போதும்னு போடுப்பா." சரிம்மா, போடுறேன் என்றேன். விரல்களில் எலும்புதான் இருந்தது.

அன்று மாலை முத்துராஜ் எழுதினான்: "நேத்துக்கூட எங்க கடையத் தாண்டி நடந்து போனாவுகளே." ராம்குமார், "நர்கிஸுக்கு வேற வேலை இல்ல" என்றார். ரிஸ்வானா, "எங்க அம்மா பாத்துப் பேசிட்டு வந்தாக. நல்லாத்தான் இருக்காக" என்றாள். நர்கிஸ் வீடியோவில் அம்மாவைக் காட்டியதாகச் சகாபுதீன் சொன்னான். படுத்திருந்தால் யாரும் நோயாளியாகத்தான் தெரிவார்கள் என்று அறையின் இன்னொரு ஆளான மாரிசெல்வம் விளக்கினான். பத்துப் பேரும் ஒரே குரலில் சொன்னால் ஒரு தங்கச்சி என்ன செய்ய முடியும். அவன் டிக்கெட் எடுக்கவில்லை.

பயந்துபோய்ச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். லீவில் வந்தபோதெல்லாம் எல்லாரும் வெளியூரில் இருப்பதாக அறையில் எழுதிச் சமாளித்திருக்கிறேன்; மொத்தமாக ஊர் திரும்பினால் அவன் நண்பர்களைத் தேடுவான் என்பது எனக்குத் தெரியும். நான் யோசித்தது அதை அல்ல. அவன் வந்துவிட்டால் அறையில் யார் இருப்பார்கள்? இருபது வருஷம் கட்டிக் காத்த ஒன்றை ஒரு டிக்கெட்டுக்காகக் கலைப்பதா? அதற்கப்புறமும் இரண்டு முறை நான் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் "போட்டியாப்பா" என்று கேட்டார்கள். இரண்டு முறையும் போட்டுட்டேன்மா, வாரேன்னு சொல்லியிருக்கான் என்றேன். கண்ணை வாசலிலேயே வைத்திருந்தார்கள். இருபத்தாறு நாள்.

அடக்கம் செய்து மூன்றாம் நாள் சகாபுதீன் வந்தான். கபர்ஸ்தானிலிருந்து நேராக டயர் கடைக்குப் போய், எங்க அம்மா நடந்து போனதை எப்பப் பாத்தே என்று கேட்டிருக்கிறான். முத்துராஜுக்கு இவன் முகமே பிடிபடவில்லை. "யாருய்யா நீங்க? சாட்டா? அத விட்டுப் பதினெட்டு வருசமாச்சே" என்றானாம். அதன் பிறகுதான் நீங்கள் எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

அன்று ஜமாத்தில் சகாபுதீன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அடிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "அதுவும் நீதானா" என்று கேட்டான். ஒன்பது முறை கேட்டான். ஒன்பது முறையும் ஆமாம் என்றேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

ஆக, சகாபுதீனைத் தாய் முகம் பார்க்கவிடாமல் தடுத்தது நான்தான். தெரிந்தே தடுத்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நேற்று அறையில் இதை எடுத்துச் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். எட்டுப் பேர் என் மேல் தப்பில்லை என்றார்கள். ரிஸ்வானா மட்டும் அந்த அம்மாவை நினைத்து அழுதாள். அவளை அறையிலிருந்து நீக்கிவிட்டோம்.

இப்படிக்கு,
செல்வக்குமார்