கோடில்லாத ரெண்டு குட்டி

அட, உக்காருங்க சார். கன்சாஸ்லருந்து ஜெரால்டின் அம்மாதான வரணும்? போன்ல உருகி உருகிக் கூப்பிட்டாங்களாமே! வருவாங்க. வந்ததும் ஒரு கூத்து இருக்கு, வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. இப்பச் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டிய மேஜ மேல வைங்க. துல்சா பாம்புச் சந்தையில சனிக்கிழமன்னா இப்படித்தான் இடிப்பாங்க.

பாம்பு ரகங்களுக்கு வெச்சிருக்கற பேருங்களப் பாருங்க: பட்டர், பனானா, சின்னமன். புதுசா வர்றவன் பேக்கரின்னு நெனச்சுத் தட்டு கேப்பான்.

ஜீன் பத்தி உங்களுக்குத் தெரியாததா? சும்மா பொழுது போகட்டும். கோ-டாமினன்ட் ஜீன் நேர்மையான ஆளு சார். அப்பன், ஆத்தா, ஒருத்தர்கிட்டருந்து மட்டும் வந்தா ஒரு நிறம். ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்தா வேற நிறம். எங்க வீட்டு மொஹாவி ரகப் பாம்பு ஜோடி ரெண்டும் பழுப்பு. அதுகளுக்குப் பொறந்துச்சு ஒண்ணு, வெள்ளவெளேர்னு, நீலக் கண்ணு. பவுடர்னு பேரு வெச்சேன். மூணு வருஷம் என் தோள்லயே கெடந்துச்சு.

டாமினன்ட் ஜீன் அப்படியில்ல. ஒரு பங்கோ ரெண்டு பங்கோ, முதுகுல அதே கோடுதான். அப்ப எத்தன பங்குன்னு யாரு சொல்றது? விக்கிறவர்தான். பெல்ட்ட ஏத்துவாரு, தொண்டையக் கனைப்பாரு: பாப்பா, இது டபுளு, ரெண்டு பங்கும் இருக்கு! என் வார்த்ததான் கேரண்டி! பொறக்கறது அத்தனையும் கோடு! அந்த வெள்ளையக் குடு, மாத்திக்கலாம்.

அச்சு அசலா இருக்கா? யாரு குரல்னாலும் வரும் சார் எனக்கு.

நானும் நம்பி மாத்திக்கிட்டேன். கோட்டுக்காரன ஒரு சாதாப் பொட்டையோட சேத்தேன். ஆறு முட்ட. ஆறும் கோடா வரணும்ல? இந்தாங்க டப்பா, தொறந்து பாருங்க. நாலு கோடு. மூலையில அந்த ரெண்டு? சுத்தச் சாதா. ஒரு சாதா வந்தாலே டபுளு பொய்னு அர்த்தம்.

ஏன் வேர்க்குது? ஏசி ஓடுதே. என்னைய ஞாபகமில்லையா? இருக்காது. போன வருஷம் நீங்க பவுடர் மூஞ்சியத்தான் பாத்தீங்க, என் மூஞ்சியப் பாக்கல.

பெட்டியத் தொடாதீங்க, உள்ள இருக்கறது என் பவுடர். உங்க கோட்டுக்காரன் மேஜைக்கடியில இருக்கான், கூட்டிட்டுப் போங்க.

ஜெரால்டின் அம்மாவா? அவங்க வந்து ரொம்ப நேரமாச்சே, இதோ அவங்க குரல்: லோனி கண்ணு, நல்லாருக்கியாப்பா? போன்ல சொன்னேனே, அந்த வெள்ளப் பாம்பு... கொண்டாந்திருக்கியா ராசா?

ம்... இப்பச் சிரிக்கலாம் சார்.