வாணியின் ஒரே படப்பாட்டு

பலாலி வீதி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவளின் மடியில் கீரைக்கட்டு.

"பிரேதத்தை எடுக்கேக்கை நாங்கள் எல்லாரும் கை தட்டினனாங்கள், அக்கா," என்றாள் இளையவள்.

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் யன்னலைப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால்தான் மிச்சமும் காதில் விழும்.

"எங்கையடி?"

"தியேட்டரிலை. எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற வாணி பத்து வருசம் சங்கீதம் படிச்சு, இந்தியாவிலை டிவிப் போட்டியிலை ரண்டாவதாய் வந்தவளெல்லே. பிறகு படத்திலை ஒரேயொரு பாட்டுத்தான் கிடைச்சது. அதுவும் செத்தவீட்டுப் பாட்டு."

"நல்லாய்ப் பாடினவளோ?"

"முகாரி ராகம். அவளின்ரை தகப்பன் அழுதிட்டார். இப்ப ஊரிலை எல்லாச் செத்தவீட்டு வீடியோவிலையும் அதைத்தான் போடுகினம். அதாலை கலியாணவீட்டுக்கு ஒருத்தரும் அவளைக் கூப்பிடுறேல்லை."

"அநியாயம்."

மூத்தவள் கீரைக்கட்டைத் திருப்பி வைத்தாள்.

"அவளின்ரை நம்பர் இருக்கோ?"

"ஓம், இருக்கு. மகளின்ரை கலியாணத்துக்கோ?"

"இல்லையடி. மாமி படுத்த படுக்கையாய்க் கிடக்கிறா. அவவுக்கு றெக்கோட் பாட்டுப் பிடிக்காது."