மாடு வித்துப் படிக்கிற படிப்பு

ஓம் ஓம், கேட்டுது. எனக்கென்ன காது செவிடா? மாட்ட வித்துப்போட்டு மூத்தவனக் கொம்பியூட்டர் படிப்புக்கு விடப்போறாய். அதுக்கு என்ட வாயால நல்லதெண்டு ஒரு சொல்லு வேணும். அதுக்காகவா வதனி, பழுகாமத்திலயிருந்து படகேறி வாவியக் கடந்து வந்தாய்? இரு. றால உரிச்சுக்கொண்டே கதைக்கிறன், இல்லாட்டி இந்த வெயிலுக்குப் பழுதாப் போயிரும்.

அதென்ன கையில, நோட்டீசா? இஞ்ச நீட்டாத, கை ஈரம். கழுத்துப்பட்டி கட்டின பொடியன் ஒருத்தன் கொம்பியூட்டருக்கு முன்னால சிரிச்சுக்கொண்டு இருப்பான், அதுதானே? என்ட ரதீஸச் சேர்க்கக்குள்ளயும் அவன்தான் சிரிச்சவன். அவனுக்கே இன்னும் வேலை கிடைக்கல்ல போல, நோட்டீசிலயே நிக்கிறான்.

புரோகிராமிங்கா? ஆகா! என்ட மகனும் அதுதான் படிச்சவர். சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் தூக்கிக் குடுத்த பழைய மெசினுகள். அறைக்குள்ள போறதெண்டா வாசல்ல செருப்பக் கழட்டணும், உள்ளுக்க அம்மன் இருக்கிற மாதிரி. போனா கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லாட்டி கரும்பலகையில எழுதிப் போடுவானாம், இதுகள் கொப்பியில பார்த்து எழுதுங்களாம். கொம்பியூட்டரக் கொப்பியில படிச்ச சனம் உலகத்திலயே நாங்களாத்தான் இருப்பம். படிப்பிச்சவன் ஆர் தெரியுமா? முந்தின வகுப்பில படிச்சுப்போட்டு வேலை கிடைக்காம அங்கயே நிண்டவன்.

மறுகா, படிப்பு முடிய, பட்டமளிப்பாம். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி, உள்ளுக்க ரெண்டு பேர் நிக்கலாம். சேட்டிபிக்கட்டில தங்க நிறத்தில ஒரு முத்திரை. என்ட கலியாணக் கார்ட்டுக்கும் அப்பிடி அடிக்கல்ல. கொண்டுவந்த அண்டைக்கே மகனார் அத லெமினேட் பண்ணிப்போட்டார். சுனாமியில பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் தண்ணியோட போன பயம். அதுக்குப் பிறகு இந்தக் கரையில கிளினிக் கார்ட்டையும் லெமினேட் பண்ணாத ஆளில்ல. மறுகா கட்டாருக்கு வேலைக்குப் போகலாமெண்டு கொழும்புக் கந்தோருக்குக் கொண்டு போனா, பிளாஸ்ரிக்குக்கு மேல சீல் குத்த ஏலாதெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்க. இன்னொரு சுனாமி வந்தாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது. ஒருத்தருக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல.

இப்ப என்ன செய்றானா? காத்தான்குடியில மர்சூக் நானாட ஃபோன் கடையில சனத்திர ஃபோனுக்குக் காசு ரீலோட் போடுறான். அதுக்கு நம்பர் அமத்தத் தெரிஞ்சாக் காணும். சிரிக்கிறாய் என்ன? சிரி. உன்ட மகனும் நாளைக்குப் பக்கத்துக் கடையிலதான் நிப்பான்.

என்னது? தெரிஞ்சுகொண்டு நான் ஏன் காசக் கட்டினனெண்டா?

என்னை மடச்சியெண்டு நினைச்சியாக்கும். சேர்க்கப் போன அண்டைக்கே தெரியும்கா அது சொத்தப் படிப்பெண்டு. செருப்பக் கழட்டக்குள்ளயே தெரியும். காப்ப வித்து நான் கட்டினது படிப்புக்கில்ல. அது டவுனுக்க, விடுதியோட உள்ள படிப்பு. வளவச் சுத்தி உயரமான மதில், கூரையில வெள்ளைக்காரன்ட கொடி, பொழுதுபட்டா வாசலப் பூட்டிருவாங்க. சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறவங்க ஒருநாளும் அதுக்குள்ள கால் வைக்கல்ல. இஞ்ச வந்தாங்க. இந்த முத்தத்தில நிண்டு, எங்க உன்ட மகன் எண்டு கேட்டாங்க. கொம்பியூட்டர் படிக்கிறான், டவுனுக்க எண்டன். போயிற்றாங்க.

என்ட அக்கா புஸ்பத்த உனக்குத் தெரியும்தானே, உங்கட ஊர்தான். அவட மகன் கிருபன்ட கதையும் தெரியும். தெரியாத ஒண்டச் சொல்லுறன் கேள். அண்டைக்கே அவட்டப் போய், மாட்ட வித்து உன்ட மகனையும் சேர் எண்டன். அவ உன்னை மாதிரித்தான், வீடு வீடா ஏறி விசாரிச்சா. மறுகா வந்து, அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காதாம், மாடும் போனா பாலுமில்லத்தானே எண்டா. அவ சொன்னதில ஒரு சொல்லுப் பிழை இல்ல. கொஞ்ச நாள் போக, வயலுக்குப் போயிற்று வந்தவன வழியில வச்சு ஏத்திக்கொண்டு போயிற்றாங்க. சண்டை முடிஞ்சு எல்லாப் பிள்ளைகளும் வந்து சேருதுகளெண்டாங்க, அவன் வரல்ல. முகாம் முகாமா அவன்ட போட்டோவக் காட்டிக்கொண்டு அலைஞ்சவ, இப்ப அலையிறதும் இல்ல.

அக்காட மாடு இன்னும் நிக்குது. நீ வரக்குள்ள கண்டிருப்பாய், அவட வாசல் படலையடியில கட்டிக் கிடக்கும். நல்லாக் கறக்குதாம்.

சரி எழும்பு, படகு வெளிக்கிடப் போகுது. இந்தா, இந்த றாலக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சமைச்சுக் குடு. ஒண்டு மட்டும் சொல்லு. இப்ப உன்ட முத்தத்தில வந்து நிண்டு, எங்க உன்ட மகன் எண்டு ஆரும் கேக்கிறாங்களா?

இல்லத்தானே.

அப்ப என்னத்துக்குகா மாட்ட விக்கிறாய்?