பெயர்களைப் பூட்டியவன்

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குள் வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். டாக்டருக்கும் அதுதான் சட்டம். ராமநாதபுரத்துக் காற்றில் உப்பு அதிகம். கோடையில் கண்மாய்ப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் உள்ளே போனால் மெஷின் தாங்காது. குருநாதன் ரொம்பக் கறாரான ஆள் என்று என்னைப் பற்றி அலுவலகத்தில் சொல்வார்கள். சொன்னதில் தப்பில்லை சார்.

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் சேர்ந்தது 2003-இல். மாவட்டத்துக் கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுத்து, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சென்னையில் சோதிப்பார்கள். இருந்தால், பிரசவ வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த பிள்ளைக்குக் கொஞ்சம் மருந்து. அதைக் கொடுத்தால் நிறையப் பிள்ளைகளுக்கு நோய் ஒட்டாது. பெரியபட்டினத்துக்காரர் டாக்டர் ஜெய்னுலாபுதீன்தான் தலைமை. அந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பது என் பொறுப்பு.

காப்பது என்று நான் சொல்வதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் சேர்ந்த புதிதில் எல்லாப் பெயரும் திறந்தே கிடந்தன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருளம்மாள் என்று ஒரு பெண், கூலி வேலை செய்கிறவள். அவள் பெயர் எப்படியோ டீக்கடை வரை போய்விட்டது. நாற்று நடவுக்கு அவளைச் சேர்க்கவில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அலுவலகத்துக்கே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று கேட்டாள்: "ரத்தம் குடுக்கத்தானய்யா கையை நீட்டுனேன். ஊருக்கே தண்டோராப் போட்டுட்டீகளே?" பிறகு ஊரை விட்டே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் என்கிரிப்ஷன் கொண்டுவந்தேன். ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற கோப்பு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். அந்தப் பாஸ்வேர்டு என் ஒருவனுக்குத்தான் தெரியும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இருக்கட்டும் என்று ஓர் உறையில் எழுதி ஒட்டி டாக்டரின் பீரோவில் வைத்தோம். டாக்டர் என் தோளில் தட்டி, "நீ செஞ்சது பெரிய காரியம்ப்பா. இனி நம்மை நம்பி வருவாக" என்றார். வந்தார்கள். சாயல்குடிப் பக்கத்துப் பெண்கள்கூடத் தயங்காமல் கையை நீட்டினார்கள்.

அடுத்த வருடம் எனக்கும் பூமயிலுக்கும் கல்யாணம் ஆனது. அவளுக்கு நயினார்கோவிலுக்குப் பக்கத்து ஊர். நிலபுலமுள்ள நல்ல சம்சாரிக் குடும்பம். தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மாமியார் சோணையம்மாள் கோழி அடித்திருந்தார். எனக்குப் பரிமாறிக்கொண்டே பூமயில் சொன்னாள்: "நர்ஸ் பஞ்சம்மாக்கா வந்து ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. ஒங்க ஆபீசுக்குன்னு சொல்லுச்சு. இங்கன மத்த பொம்பளைகளெல்லாம் பயந்தாக. எங்க வீட்டுக்காரகதான் பூட்டி வச்சிருக்காக, பேரு வெளிய போகாதுன்னு நான்தான் சொல்லி எல்லாத்தையும் கூட்டிட்டுப் போனேன்."

நல்ல காரியம் செய்தாய் என்றேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். திரும்பி வருகிற பஸ்ஸில், சென்னையிலிருந்து முடிவு எத்தனை நாளில் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

சென்னையிலிருந்து முடிவு வந்தபோது டாக்டர் தாளோடு என் அறைக்கு வந்தார். ஒன்பது எண்களுக்கு நோய் இருந்தது. "பேரை எடு குருநாதா. நெறைமாசமா இருக்கவுகளை மொதல்ல பாக்கணும்" என்றார். மெஷின் மெதுவாக ஓடுகிறது, மறுநாள் தருகிறேன் என்றேன். அவர் போன பிறகு கோப்பைத் திறந்தேன். ஏழாவது எண் பூமயில்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். எட்டுப் பெயரை மட்டும் கொடுக்கலாம். ஆனால் தாளில் ஒன்பது இருக்கிறது, ஒன்பதாவது யார் என்று கேட்பார். ஒரு பெயரை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் நோயில்லாத ஒரு பெண்ணுக்கு நோய் என்று சொல்வது அநியாயம். அது என் மனசுக்கு ஒப்பவில்லை. ஆகவே யார் பெயரும் வெளியே போகாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் பொதுவான நியாயம் என்று முடிவு செய்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் கோப்பு கெட்டுவிட்டது என்று சொன்னேன்.

டாக்டர் உறையைப் பிரித்துப் பார்த்தார். அதிலிருந்த பழைய பாஸ்வேர்டுக்குக் கோப்பு திறக்கவில்லை. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் ஆட்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு ஒழுங்காகப் போட்ட பூட்டை உடைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

டாக்டர் பஞ்சம்மாளை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் ஊர் ஊராகப் போனார். எல்லோரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். "அன்னைக்கே எடுத்தீகளே, அதை என்ன செஞ்சீக?" என்று சில ஊர்களில் விரட்டிவிட்டார்கள். நான்கு பேரைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார். மாரியூர்ப் பெண் ஒருத்திக்கு அவர் போவதற்கு முன்பே பிரசவம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை சில மாதங்களில் இறந்துபோனது. அந்தப் பெண்ணின் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மாரியூரிலிருந்து திரும்பிய அன்று டாக்டர் செருப்போடு என் அறைக்குள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒங்க வீட்டுலயும் நயினார்கோவில் பக்கந்தானப்பா இருக்காக? நாளைக்கு அந்தப் பக்கம் போறேன். அவுகளுக்கும் எடுத்துரவா?"

"வேணாம் சார். மதுரையில பாத்தாச்சு. ஒண்ணுமில்லை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இறைவனுக்கு மனதார நன்றி சொன்னார்.

பூமயிலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாத்திரை என் அறைக்கு அடுத்த அறையில்தான் இருந்தது. எடுத்துப்போய் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிள்ளைக்கும் மருந்து ஊற்ற வேண்டும். நர்ஸ் எதற்கு என்று கேட்பார். ஒரு கேள்வி வந்தால் பின்னாலேயே பத்துக் கேள்வி வரும். இந்த வேலையில் அதை நான் நன்றாகக் கற்றிருந்தேன்.

குழந்தை தேறவே இல்லை. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வாயெல்லாம் புண். தவழ ஆரம்பிக்கும் முன்பே போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் தாய்க்கும் சோதித்தார்கள். விஷயம் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. என்னைப் பெற்ற அய்யா பூமயிலை வாசலுக்கு வெளியே நிறுத்தி, "இந்தச் சீக்கை எங்கேயிருந்து கொண்டாந்த?" என்று கேட்டார். நான் உள்ளே இருந்தேன். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் எங்கயும் தப்பா நடக்கலைங்க. ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்க மொதல்ல போயி ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. என்னால ஒங்களுக்கு வந்திரப் போகுது."

"எடுத்தாச்சு. எனக்கு ஒண்ணுமில்லை" என்றேன்.

அவள் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பூமயில் டாக்டர் ஜெய்னுலாபுதீனைத் தேடிப் போய், தன் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை, தனக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறாள். பஞ்சம்மாளும் அங்கே இருந்திருக்கிறார். அன்று இவளுக்கு ரத்தம் எடுத்தது நான்தானே என்று சொல்லியிருக்கிறார். பூட்டிய கோப்பில் இவள் பெயரும் இருந்தது டாக்டருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

பாஸ்வேர்டைத் தருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அதனால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. எல்லோருக்கும் பிரசவம் ஆகிவிட்டது.

என் உடம்பைப் பற்றி எனக்கு எப்போது தெரியும் என்றுதானே கடைசியாகக் கேட்டீர்கள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே தெரியும். மதுரையில் வேறு பெயரில் பார்த்தேன். இன்றைக்கும் மருந்தை அங்கேதான் வாங்குகிறேன். அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர். பெண் வீட்டில் சொல்லிவிடுங்கள் தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால் பூமயில் எனக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் சார்.