பெல்ட் மூடியில் குங்குமம்

திருவையாறு பஸ்ஸில் பதினேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். அவர் அரிசி மில் நடத்துகிறார், அவள் தொழிற்சாலை ஆய்வாளர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“சாமிப் பொட்டு அழியாம இருந்தது ஒரு குத்தமாம்மா?” என்றார் அண்ணன்.

“ஆயுத பூசைக்கு மெஷின் பெல்ட் மூடியில வச்ச பொட்டுண்ணே. மூடி தினமும் பெல்ட்டு மேல இருந்தா, இந்நேரம் தவிடு படிஞ்சு மறைஞ்சிருக்கும். நேத்து நான் வர்றேன்னு அவசரமா மாட்டியிருக்கீங்க. இப்பக் கழட்டியிருப்பீங்க.”

“மூடி இருந்தா, பெல்ட் நழுவுறப்ப திரும்ப மாட்டக் கஷ்டம்.”

“அண்ணி அதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறாங்க. முந்தானை சிக்குனா?”



“நீயே வந்து சோதனை போட்டுடேன். வீட்டுப் பொண்ணுதானே.”

“அதனாலதான் நான் வரக்கூடாது. வேற அதிகாரியை அனுப்பச் சொல்லிட்டேன்.”

“எப்ப வருவாரு?”

“சொல்லாம வர அவருக்கு அதிகாரம் உண்டு. வேலை செய்யிறவங்களைத் தனியா விசாரிப்பாரு. ஆபத்துன்னு பட்டா மெஷினையே நிறுத்தச் சொல்லுவாரு.”

“கூடப் பொறந்தவனையே மாட்டிவிடுறியே.”

“எனக்கு இருக்கறது ஒரே அண்ணி.”

காவிரிப் பாலம் வருவதற்குள் அவர் மனைவிக்குப் போன் போட்டார். “மில்லை நிறுத்தும்மா. கரண்டு இருந்தாலும் பரவாயில்ல, நிறுத்து. மூடியை மாட்டுற வரைக்கும் நீ கிட்டப் போகாத.”

மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“பொட்டைத் துடைக்க வேணாம். தவிடு படிஞ்சு அதுவா மறையட்டும்” என்றார்.